பூச்சி உணவு: சிங்கப்பூரில் எதை விற்கலாம், பொட்டலத்தின் அட்டையில் எதைப் பார்ப்பது

2024 ஜூலை 8ஆம் தேதி, சிங்கப்பூர் உணவு அமைப்பு 16 வகைப் பூச்சிகளை உணவாக ஏற்றுக்கொண்டது. மனிதர்கள் உண்ணவும், உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குத் தீவனமாகத் தரவும் இவற்றை இறக்குமதி செய்யலாம். உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் ஊர் புதுப் புரத வழிகளைத் தேடுவதில் வியப்பில்லை.

கிரிக்கெட் பூச்சி வகைகள், வெட்டுக்கிளிகள், மாவுப்புழுக்கள், சில வண்டுகளின் புழுக்கள், மெழுகு அந்துப்பூச்சி, பட்டுப்புழு, தேனீ ஆகியவை பட்டியலில் உள்ளன. எந்தப் பருவத்தில் உண்ணலாம் என்பதும் வகைக்கு வகை குறிக்கப்பட்டிருக்கிறது. கிரிக்கெட் என்றால் வளர்ந்த பூச்சி. மாவுப்புழு என்றால் புழுப் பருவம்.

நம் ஊர்ப்பக்கம் மழைக்காலத்தில் பிடித்து, வறுத்து, பொரியரிசியோடு கலந்து தின்னும் ஈசல் இதில் இல்லை. 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு பெற்ற ஒடிசாவின் செவ்வெறும்புச் சட்னியை எடுத்துக்கொண்டால், அந்த எறும்பும் இல்லை. ஊரிலிருந்து ஈசலைத் தருவித்துச் சிங்கப்பூரின் தேக்காச் சந்தையில் விற்க நினைத்தால் இரண்டு தடை: பட்டியலில் இல்லை, பண்ணையில் வளர்ந்ததும் இல்லை. பட்டியலில் இல்லாத பூச்சியை விற்க விரும்புகிறவர், அது பாதுகாப்பானது என்பதற்கான ஆதாரங்களைக் கொடுத்து, மதிப்பீட்டில் தேறிய பிறகே விற்கலாம்.

பட்டியலில் உள்ள பூச்சியானாலும், காட்டிலோ வயலிலோ பிடித்தது செல்லாது. கட்டுப்பாடுள்ள பண்ணையில் வளர்ந்தது என்பதற்கு இறக்குமதியாளர் ஆவணம் காட்ட வேண்டும். வயலில் பிடித்த வெட்டுக்கிளியில் பூச்சிமருந்து எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆடு, கோழியைப் போலக் குடலைக் கழித்துவிட்டுச் சமைக்கவும் வழியில்லை. பூச்சி தின்ற தீனி நம் வயிற்றுக்கும் வந்துவிடும். தீனியில் கிருமியோ நச்சோ கலந்திருக்கக் கூடாது என்று விதி வற்புறுத்துவது இதனால்தான். பட்டுப்புழுவின் கூட்டுப்புழுவில் இன்னொரு சிக்கல் உண்டு. குளிரில் சரியாக வைக்காவிட்டால், ஒவ்வாமை போன்ற கோளாறைத் தரும் ஹிஸ்டமின் அதில் சேரும். பிறகு எவ்வளவு வறுத்தாலும் அது போகாது.

வாங்குகிறவருக்கு முக்கியமானது பொட்டலத்தின் மேலுள்ள அட்டை. பொட்டலமிட்ட உணவில் பூச்சி இருந்தால், அது இன்னதென்று அட்டை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். முன்பக்கத்தில் ‘புரோட்டீன் பார்’ என்று பெரிதாக இருந்தாலும் பின்பக்கச் சேர்பொருள் பட்டியலைக் கடைசிவரை படியுங்கள். அது எடை வரிசையில் இருப்பதால், குறைவாகச் சேர்த்த பூச்சி மாவு கீழேதான் இருக்கும். கிரிக்கெட் பவுடர், மீல்வோர்ம் (மாவுப்புழு), ‘அச்சீட்டா டொமெஸ்டிகஸ்’ ஆகிய பெயர்களைத் தேடுங்கள். கடைசியாகச் சொன்னது வீட்டுக் கிரிக்கெட்டின் அறிவியல் பெயர்.

சைவ உணவுக்காரர்கள் இன்னும் இரண்டு எண்களையும் தெரிந்துகொள்வது நல்லது. இ120 என்பது கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம். இ904 என்பது அரக்குப்பூச்சி சுரக்கும் பிசினிலிருந்து வரும் பளபளப்புப் பூச்சு. இந்தப் புதிய விதிக்கு நெடுங்காலம் முன்பிருந்தே இவை மிட்டாய்களில் இருக்கின்றன.

இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பூச்சியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இரண்டிலும் டிரோபோமயோசின் என்ற ஒரே மாதிரியான புரதம் இருக்கிறது, சமைத்தாலும் எளிதில் சிதையாது. ‘ஓட்டுமீன் உண்டு’ என்ற எச்சரிக்கை அட்டையில் இல்லையென்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

முஸ்லிம்களைப் பொறுத்தவரை வெட்டுக்கிளியை உண்ணலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்டது. மற்றப் பூச்சிகளில் மத்ஹபுக்கு மத்ஹபு (இஸ்லாமியச் சட்ட மரபு) கருத்து மாறும் என்பதால் ஹலால் முத்திரை இல்லாத பொட்டலத்தைத் தொடாமல் விடுவதே எளிது.

உணவு அமைப்பின் நிபந்தனைகள் உணவுப் பாதுகாப்போடு நின்றுவிடுகின்றன. ஒரு தட்டுக்காக நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொல்லலாமா என்ற கேள்விக்குள் அவை போவதில்லை. அதை உண்பவரிடமே விட்டுவிடுகின்றன. தட்டில் பட்டுப்புழுவைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள், காஞ்சிப் பட்டின் நூலுக்காகவும் அதே புழுவைக் கூட்டோடு வெந்நீரில் போடுகிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

உணவகத்தில் பொட்டலமும் இல்லை, அட்டையும் இல்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சாப்பிடப்போகும் பண்டத்தில் பூச்சி இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. பூச்சியைப் பொரித்த எண்ணெயிலேயே உங்கள் உருளைக்கிழங்கையும் பொரிக்கிறார்களா என்றும் கேளுங்கள்.