சேற்றைச் சுற்றிக்கொண்டு நடக்காதீர்கள்: ஒரு மலைப்பாதைப் பணியாளரின் வேண்டுகோள்

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் கோடைதோறும் ஒற்றையடிப் பாதைகளை வெட்டுவதும் செப்பனிடுவதும் என் தொழில். யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்கு விடுமுறையில் வரும் தமிழ்க் குடும்பத்தினர், கடப்பாரையும் கையுமாக நிற்கும் என்னிடம் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: மண்பாதையில் அப்படி என்ன வேலை இருக்கிறது? கூட்டம் மிகுதியாக நடப்பதால் பாதை தேய்கிறது என்பது அவர்களின் எண்ணம். நான் செப்பனிட்ட இடங்களில் பெரும்பாலானவற்றைக் கெடுத்தது தண்ணீர். நடப்பவர்களின் கால்கள் அதற்கு வழி வெட்டிக் கொடுத்திருந்தன.

மலைச்சரிவின் குறுக்கே பாதை வெட்டும்போது, பள்ளத்துப் பக்கம் சற்றே சாய்ந்திருக்குமாறு தளத்தை அமைக்கிறோம். விழும் மழைநீர் பாதையைக் குறுக்காகக் கடந்து சரிவில் இறங்கிவிட வேண்டும். பாதையின் ஏற்றம் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் பாலபாடம். தாண்டினால், நீருக்குப் பாதையை விட்டு வெளியேற மனம் வராது; பாதையே வாய்க்காலாகிவிடும். செங்குத்தான இடங்களில் கற்களையோ மரத்துண்டையோ பாதையின் குறுக்கே 45 முதல் 60 பாகை சாய்வில் புதைத்து நீரை வெளியே திருப்புகிறோம். நேர் குறுக்காக வைத்தால் நீர் அங்கேயே தேங்கி, வண்டலைப் படியவிட்டு, சில மழைகளில் தடுப்பைத் தாண்டிவிடும். அந்தக் கல்லை மிதித்துத் தாண்டச் சோம்பி, அதன் ஓரமாகச் சுற்றிச் செல்பவர்கள் சிறு பள்ளம் ஒன்றை உண்டாக்குகிறார்கள். அடுத்த மழை நீர் அந்தப் பள்ளத்தின் வழியே இறங்குகிறது.

புல்வெளிகளில் இந்தக் கேடு இன்னும் மோசமானது. சுமார் 2,600 மீட்டர் உயரத்திலுள்ள துவாலமி புல்வெளியிலும் அதை ஒட்டிய லையெல் பள்ளத்தாக்கிலும் பனி உருகும் காலத்தில் பாதை சேறாகும். முதலில் வருபவர் காலணி நனையாமலிருக்கப் புல்லில் ஒதுங்கி நடக்கிறார். பின்னால் வருபவர்கள் அவருடைய தடத்தையே பிடிக்கிறார்கள். அதுவும் சேறானதும் மூன்றாவது தடம் பிறக்கிறது. இப்படி ஒன்றுக்கொன்று இணையாகப் பல தடங்கள் ஓடும் புல்வெளிகளை இங்கே பார்க்கலாம். ஒவ்வொரு தடமும் ஒரு வடிகாலாகி நிலத்தடி ஈரத்தை உறிஞ்சி வெளியேற்றுவதால், புல்வெளி காய்கிறது, வறண்ட ஓரங்களில் பைன் கன்றுகள் முளைக்கத் தொடங்குகின்றன. இதைச் சரிசெய்ய, மிதிபட்டு இறுகிய மண்ணைக் கொத்திப் பொலபொலப்பாக்கி, பள்ளத்தை நிரப்பி, புற்கரணைகளை வேரோடு பெயர்த்து நட வேண்டும். நடப்பதற்குத் தனியாகக் கற்களால் கரை எழுப்ப வேண்டும். அந்த உயரத்தில் புல் வளர்வதற்குக் கிடைப்பதோ ஆண்டில் சில மாதங்களே.

கொண்டை ஊசி வளைவுகளில் குறுக்கே இறங்குவதும் இதே கதைதான். நமக்கு மிச்சமாகும் இரண்டு நிமிடத்துக்காக நீருக்கு நேர்வழி கிடைத்துவிடுகிறது.

இந்த வேலையைச் செய்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டத்தின்படி, வனாந்தரமாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் பொதுவாக மோட்டார் கருவிகளுக்கு இடமில்லை. ஆகவே விழுந்த மரத்தை இருவர் இழுக்கும் நீள ரம்பத்தால் அறுக்கிறோம், உணவும் கருவிகளும் கோவேறு கழுதைகளின் முதுகில் வருகின்றன. நாளொன்றுக்குப் பத்து மணி நேரமாக எட்டு நாள் வேலை, பிறகு ஆறு நாள் ஓய்வு என்பது வழக்கமான முறை. அமெரிக்க மத்திய அரசின் தற்காலிகப் பருவப் பணி பொதுவாகச் சில மாதங்களில் முடிந்துவிடும். அடுத்த கோடைக்கு அதே குழு திரும்பி வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இது எனக்கு உவப்பான ஏற்பாடு அன்று. ஏனெனில் கைப்பழக்கத்தால் மட்டுமே வரும் தொழில் இது.

என் முதல் பருவத்தில் சாந்தில்லாமல் நான் அடுக்கிய தாங்குசுவர் ஒன்று, மறு ஜூனில் பனி உருகியபோது வயிறு தள்ளி நின்றது. கொத்தனார்கள் செங்கல் வரிசைகளில் செங்குத்து இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் பார்த்துக்கொள்வார்களே, கல்லிலும் அதே விதிதான். அதை இரண்டு இடங்களில் மீறியிருந்தேன். அதைவிடப் பெரிய பிழை, சுவரின் பின்புறத்தில் உடைகல்லை இட்டு இறுக்காமல், மாலை அவசரத்தில் மண்ணைத் தள்ளி மூடியது. கல் இடுக்கில் வடிந்திருக்க வேண்டிய நீரை மண் குடித்து உப்பி, சுவரை வெளியே தள்ளிவிட்டது. அதைப் பிரித்து மீண்டும் அடுக்க நால்வருக்கு ஆறு நாள் பிடித்தது. பிழையைக் கண்டுசொன்ன மூத்த பணியாளர் அதற்கடுத்த ஆண்டு வேறு வேலை தேடிப் போய்விட்டார்.

ஆகவே, வரும் கோடையில் மலையேறுபவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பாதையின் நடுவிலேயே நடக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சேறு வந்தால் சேற்றிலேயே இறங்குங்கள், குறுக்கே புதைந்திருக்கும் கற்களைத் தாண்டியே செல்லுங்கள், தாங்குசுவரிலிருந்து கல்லெடுத்துக் குழந்தைகள் அடுக்கி விளையாட விடாதீர்கள். காலணி எப்படியும் நனையும். மாற்றுக் காலுறை ஓர் இணை பையில் இருக்கட்டும்.