பொஸ்வெல்லியா என்றால் குங்கிலியமா?

கனடாவிலிருந்து மாமா அனுப்பிய மூட்டுவலிக் குளிசை முடிந்துபோனதும், அம்மம்மா வெறும் போத்தலை என் கையில் தந்து, இங்கே திருகோணமலையில் இதே சாமான் கிடைக்குமா பார் என்றார். போத்தலில் பொஸ்வெல்லியா என்று இருந்தது, கீழே சிறிதாக 'சலாய் குக்குலு'. நாட்டு மருந்துக் கடையில் அதைக் காட்டியவுடன், "ஓ, குங்கிலியம்" என்று நிறுத்துத் தந்துவிட்டார்கள். அது வேறு பிசின்.

பொஸ்வெல்லியா என்பது பொஸ்வெல் என்ற ஸ்கொட்லாந்துக்காரரின் பெயரில் அமைந்த தாவரப் பேரினம். நம் குளிசைக்குப் பிசின் தருகிற மரம் பொஸ்வெல்லியா செர்ராட்டா, 1807 இல் பெயர் பெற்றது. செர்ராட்டா என்றால் லத்தீனில் வாள்பல் போன்றது, இலை விளிம்பைப் பார்த்து வைத்த பெயர். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கத்து வறண்ட குன்றுகளில் வளர்கிறது. வடமொழியில் சல்லகி, இந்தியில் சலாய். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பிசினை வடக்கே சலாய் குக்குலு என்பார்கள், 'குக்குலு'தான் தமிழில் குங்கிலியம் ஆனது, ஆனால் நம் கடைகளில் குங்கிலியம் என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது சால மரத்துப் பிசின். திருக்கடவூரில் தாலியை விற்றுத் தூபமிட்ட குங்கிலியக்கலய நாயனாரால் அந்தச் சொல் கோயில் தூபத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அசல் குக்குலு இன்னொரு செடி, அதன் பிசினுக்கு மைசாட்சி என்று பெயர், மகிஷாட்சி, அதாவது எருமைக்கண்.

அப்போ பொஸ்வெல்லியாவுக்குத் தமிழில் என்ன? குந்துருக்கம். வடமொழிக் குந்துருவிலிருந்து வந்தாலும் நம் வைத்தியத்தில் ஊறிய சொல், மலையாளத்தில் தேவாலயத் தூபத்துக்கும் குந்திரிக்கம்தான். சாம்பிராணி என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை, கடையில் அந்தப் பெயரில் சுமத்திராவின் வேறொரு மரத்துப் பிசினும் வருகிறது. குளிசை உறையில் 'குந்துருக்கப் பிசின் சாறு' என்று போட்டால் யாருக்கும் புரியும்.

குந்துருக்கத்திலுள்ள பொஸ்வெல்லிக் அமிலங்கள் 5-லிப்பொக்சிஜனேஸ் என்ற நொதியைத் தடுக்கின்றன, வீக்கத்தைத் தூண்டும் லியூக்கோட்ரையீன்கள் அதனால் குறைகின்றன. முழங்கால் தேய்மானத்தில் வலி ஓரளவு குறைவதாகச் சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, தேய்ந்த குருத்தெலும்பு இதனால் திரும்ப வளரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் என்ற மருந்து எடுப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது, இரத்தம் அளவுக்கு மேல் நீர்த்துப்போகலாம்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் குங்கிலியத்தில் ஒரு துண்டை அம்மம்மா வெந்நீரில் போட்டார். குந்துருக்கம் என்றால் அதிலுள்ள கோந்து கரைந்து தண்ணீர் பால்போல வெளுக்கும். இது கண்ணாடிக் கல் மாதிரி அடியிலேயே கிடந்தது. எடுத்துத் துடைத்து, வெள்ளிக்கிழமைத் தூபத்துக்கென்று சாமியறையில் வைத்துவிட்டார்.