தூத்துக்குடி – சென்னை: 528 கிலோமீட்டருக்கு எத்தனை மணி நேரம்?

வளைகுடாவில் வேலைக்குத் திரும்பவிருந்த நெல்லை இளைஞர் ஒருவர், சென்னையிலிருந்து புறப்படும் பன்னாட்டு டிக்கெட்டைத் தாமே எடுத்து முடித்துவிட்டு, தூத்துக்குடி – சென்னை டிக்கெட்டுக்கு மட்டும் எங்கள் டிராவல்ஸுக்கு வந்தார். கையிலிருந்த துண்டுத்தாளில் '528 கி.மீ., 37 நிமிடம்' என்று எழுதியிருந்தார். இணையத்தில் பார்த்த தூரத்தை, ஜெட் விமானத்தின் வேகமென்று மணிக்கு 850 கி.மீ.யால் வகுத்திருக்கிறார். வகுத்தலில் பிழையில்லை.

ஆனால் அந்த 528 கி.மீ., தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்துக்கும் சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்துக்கும் இடையே நூல் பிடித்து அளந்த தூரம். விமானமோ காற்றுக்கேற்ற ஓடுபாதை முனையிலிருந்து எழும்பி, வகுத்த வான்வழியில் வந்து, சென்னையை நெருங்கியதும் தன் முறை வரும்வரை சுற்றவும் நேரிடும். தூத்துக்குடியின் ஓடுபாதை 1,350 மீட்டராக இருந்த காலத்தில், இங்கே வந்துபோனவை ஏடிஆர் 72 போன்ற விசிறி விமானங்களே. 2025 ஜூலையில் புதிய முனையம் திறக்கப்பட்டு, ஓடுபாதையும் சுமார் 3,000 மீட்டராக நீண்டுவிட்டது. ஆனால் ஓடுபாதை நீண்டதால் ஏடிஆரின் வேகம் கூடிவிடாது. அது மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. தான் பறக்கும். ஆகவே எந்த வகை விமானம் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிக்கெட்டில் அச்சாகும் நேரமும் வானில் பறக்கும் நேரமன்று. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை இங்கே எடுத்தது முதல், சென்னையில் மீண்டும் கட்டை வைக்கும் வரை ஆகும் நேரம் அது. ஏடிஆருக்கு அது ஒன்றரை மணி நேரத்தை ஒட்டியே வரும். நெல்லையிலிருந்து வாகைக்குளம் வரும் நேரம், புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும் செக்-இன் கவுன்டர், சென்னையில் பெட்டிக்காகக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் வீட்டு வாசலிலிருந்து ஐந்து மணி நேரம் ஆகிவிடும்.

அந்த இளைஞர் இரண்டு விமானங்களுக்கும் இடையே விட்டிருந்ததோ இரண்டே மணி நேரம். இரண்டையும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், எடுத்த டிக்கெட்டாக இருந்தால், முதல் விமானம் தாமதித்து அடுத்தது தவறினாலும் மாற்று ஏற்பாடு செய்வது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்தால், இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் வராத பயணி. டிக்கெட் பணமும் பெரும்பாலும் போய்விடும். தனி டிக்கெட் என்றால் ஐந்து மணி நேர இடைவெளியாவது விடுங்கள் என்பதே நான் எல்லோருக்கும் சொல்வது.

அவரிடமும் அதைத்தான் சொன்னேன். காலை விமானத்தின் கட்டணத்தைக் கேட்டுத் தயங்கியவர், முந்தைய இரவே முத்துநகர் எக்ஸ்பிரஸில் கிளம்பினார். எழும்பூருக்கு ஏறத்தாழ 11 மணி நேரம். அங்கிருந்து புறநகர் ரயிலில் திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம். எனக்குக் கமிஷன் போயிற்று, அவருக்கு விமானம் கிடைத்தது.