கடலடி எண்ணெயில் அரசின் பங்கு எப்படிக் கணக்கிடப்படுகிறது?

மும்பைக் கரையிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மும்பை ஹை வயலில் 1974-இல் எண்ணெய் கண்டறியப்பட்டு, 1976-இல் உற்பத்தி தொடங்கியது. அந்த எண்ணெய் மகாராஷ்டிரத்துக்கு உரியது என்று எண்ணுவது தவறு. அரசியலமைப்பின் 297-ஆம் பிரிவின்படி, நாட்டின் கடல் எல்லையிலும், நிலத்தின் தொடர்ச்சியாகக் கடலுக்கடியில் நீளும் கண்டத்திட்டிலும், கடல் வளங்களை எடுக்க நாட்டுக்கு மட்டுமே உரிமையுள்ள தனிப் பொருளாதார மண்டலத்திலும் கடலடியில் கிடக்கும் கனிமங்கள் அனைத்தும் ஒன்றிய அரசையே சேரும். நிலத்தில் எடுக்கும் எண்ணெய்க்கான ராயல்டி (எடுத்த எண்ணெயின் மதிப்பில் நிறுவனம் செலுத்தும் விழுக்காடு) மாநிலத்துக்குப் போவதும், கடலில் எடுப்பதற்கான ராயல்டி ஒன்றியத்துக்குப் போவதும் இதனால்தான்.

2016 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற ‘ஹெல்ப்’ எனப்படும் ஹைட்ரோகார்பன் உரிமக் கொள்கையில், ராயல்டி கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 400 மீட்டர் ஆழம் வரை 7.5 விழுக்காடு. அதற்கு மேற்பட்ட ஆழ்கடலில் முதல் 7 ஆண்டுகளுக்கு ராயல்டி இல்லை. பிறகு 5 விழுக்காடு. 1,500 மீட்டரையும் தாண்டினால், அதே 7 ஆண்டுகளுக்குப் பின் 2 விழுக்காடு மட்டுமே. பெருஞ்செலவில் துளையிட்ட கிணறு வறண்டும் போகலாம் என்பதால், இந்தச் சலுகை நியாயமானது என்றே கருதுகிறேன்.

ராயல்டிக்கு அடுத்தது வருவாய்ப் பங்கு. கொள்கையின் உயிர்நாடி இதுவே. முந்தைய ஒப்பந்தங்களில் நிறுவனம் தன் செலவை முதலில் எடுத்துக்கொண்டு, எஞ்சிய லாபத்தையே அரசுடன் பகிர்ந்தது. செலவுக் கணக்கு கூடக் கூட அரசின் பங்கு தள்ளிப்போனது. கிருஷ்ணா–கோதாவரி ஆழ்கடல் வயலின் செலவுக் கணக்கு நடுவர் மன்றம் வரை சென்றது. இப்போது செலவு எவ்வளவானாலும், விற்பனை வருவாயில் ராயல்டி போக மீதியில், ஏலத்தில் ஒப்புக்கொண்ட விகிதம் அரசுக்கு வந்தாக வேண்டும். வருவாய் உயர்ந்தால் அவ்விகிதமும் உயரும்.

ஆழமற்ற கடலில் 100 ரூபாய்க்கு எண்ணெய் விற்றதாகக் கொள்வோம். ராயல்டி 7.50 ரூபாய். அரசின் விகிதம் 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், மீதமுள்ள 92.50 ரூபாயில் 9.25 ரூபாய் அரசுக்குச் சேரும். எஞ்சும் 83.25 ரூபாயிலிருந்துதான் நிறுவனம் தன் செலவையும் வருமான வரியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இக்கொள்கையின்கீழ் வருவாய்ப் பங்கு அடிப்படையில் ஏலம் விடப்பட்ட வட்டாரங்களுக்கே இது பொருந்தும். பழைய வயல்கள் பழைய விதிகளிலேயே தொடர்கின்றன.

செலவுத் தணிக்கையின் சுமை குறைந்துவிட்டதால், கண்காணிப்பு முழுவதும் இனி விலையிலும் அளவிலும் குவிய வேண்டும். கிணற்றிலிருந்து எண்ணெயும் வாயுவும் நீரும் ஒன்றாகக் கலந்தே மேலே வருகின்றன. அவற்றைப் பிரித்து, எண்ணெயில் எஞ்சிய நீரையும் கசடையும் கழித்து, வெப்பநிலைக்கேற்பத் திருத்திய அளவே விற்பனைக் கணக்கில் ஏறும். இதை அளக்கும் மானி சற்றே குறைத்துக் காட்டினாலும், ராயல்டியும் வருவாய்ப் பங்கும் நாள்தோறும் சேர்ந்தே குறையும்.