காருக்குள் கேட்கும் காற்றிரைச்சல்: எந்த இடத்திலிருந்து வருகிறது?

மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் எஞ்சினையும் டயரையும் மீறி ஓட்டுநரின் காதருகே இரைவது காற்றுதான். அது பெரும்பாலும் சைடு மிரரிலும், முன்கண்ணாடியை ஒட்டிய தூணான ஏ-பில்லரிலும் பிறக்கிறது. அவற்றில் எந்த விளிம்பு, எந்த வளைவு என்பதை மாதிரி கார் தயாராகும் முன்பே கணினியில் தேடிவிடலாம்.

காற்றோட்டம் ஒலியெழுப்பும் விதத்துக்கு 1952-இல் பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஜேம்ஸ் லைட்ஹில் சமன்பாடு தந்தார். 1955-இல் கர்ல் என்ற ஆய்வாளர் அதில் திடப் பரப்புகளைச் சேர்த்தார். அசையாத பரப்பில் அழுத்தம் எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறதோ, அதற்கேற்பத் தொலைவில் ஒலி கேட்கும். இந்த ஒலியின் திறன் காற்று வேகத்தின் 6-ஆம் அடுக்கில் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் 18 டெசிபெல் அதிகம்.

முதலில் சராசரி ஓட்டத்தை மட்டும் கணக்கிட்டு, கொந்தளிப்பின் அளவிலிருந்து பரப்பின் ஒவ்வொரு துண்டும் எவ்வளவு ஒலி எழுப்பும் என்று மதிப்பிடுவார்கள். மலிவான வேலை, இரண்டு மிரர் வடிவங்களை ஒப்பிட இதுவே பல நேரம் போதும். ஆனால் விசில் போன்ற ஒற்றைச் சுருதி இதில் தெரியாது. 5 மி.மீ. தடிமனுள்ள ஆன்டெனா இதே வேகத்தில் சுமார் 1,330 ஹெர்ட்ஸில் பாடும். சராசரிக் கணக்குக்கு அது காதிலேயே விழாது.

அடுத்தது சுழல்களை நேரப்படி பின்தொடரும் கணக்கு. 5,000 ஹெர்ட்ஸ் வரை வேண்டுமென்றால், அலை ஒன்றுக்கு 20 புள்ளிகள் வீதம், ஒவ்வொரு நேரப்படியும் 0.00001 நொடி. 0.3 நொடிக்கே 30,000 படிகள். கணக்குக்காகக் காற்றுவெளியைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலைதான் மெஷ். அதன் அளவை முடிவுசெய்வது ஒலியலை அல்ல, சுழல்தான்: 2,000 ஹெர்ட்ஸில் ஒலியலை 17 செ.மீ.; நொடிக்கு 20 மீட்டர் நகரும் சுழலோ 1 செ.மீ. அங்கே கட்டம் 1 மி.மீ.க்குக் கீழே இருக்க வேண்டும். மிரருக்குப் பின்னால் கட்டத்தின் அளவு சட்டென்று இரட்டித்தால், அந்த எல்லையிலேயே பொய்யான ஒலி பிறக்கும். ஒலி எழும் இடங்களைக் காட்டும் வரைபடத்தில் சிவப்புத் திட்டு இந்த மெஷ் எல்லையோடு ஒட்டி ஓடினால் குற்றவாளி மெஷ்தான். வெளியேறும் எல்லையில் ஒலியை உறிஞ்சும் அடுக்கு வைக்காவிட்டால், எதிரொலி திரும்பி வந்து எல்லாவற்றையும் குழப்பும்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் பலர் சறுக்குவது ஜன்னல் கண்ணாடியில். அழுத்த ஏற்ற இறக்கத்தை வரைந்தால் மிரருக்குப் பின்னுள்ள கண்ணாடி முழுக்கச் சிவந்திருக்கும். அதில் பெரும்பங்கு வெறுமனே உரசிச் செல்லும் சுழல்கள். 1,000 ஹெர்ட்ஸில் அவற்றின் நீளம் 2 செ.மீ.; ஒரு திட்டு தள்ளும்போது பக்கத்துத் திட்டு இழுக்க, கண்ணாடி அதிகம் அசைவதில்லை. மிரரிலிருந்து வந்து மோதும் ஒலியலையின் நீளம் 34 செ.மீ. அது பல மடங்கு பலவீனமானது, ஆனாலும் கண்ணாடியை வளைத்து உள்ளே நுழைவது பெரும்பாலும் அதுதான். 4 மி.மீ. கண்ணாடியில் சுமார் 3,000 ஹெர்ட்ஸில் ஒலியலையின் நீளமும் கண்ணாடி வளைந்தாடும் அலையின் நீளமும் ஒத்துப்போவதால் நுழைவு இன்னும் எளிது.

ஆகவே கண்ணாடியின் மேலுள்ள அழுத்தத்தை இடத்திலும் நேரத்திலும் ஃபூரியர் முறையில், அதாவது அலைநீளமும் அதிர்வெண்ணும் வாரியாகப் பிரித்து, மெதுவாக நகரும் சுழல் பகுதியைக் கழித்துவிட வேண்டும். காற்றை அமுங்காததாக வைத்துக் கணக்கிட்டிருந்தால் ஒலிப் பகுதி அதில் இருக்கவே இருக்காது. தனி அலைக் கணக்கு ஒன்று சேர்க்க வேண்டும்.

மீதமுள்ளதை அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்துப் பார்த்தால், திருத்த வேண்டிய இடம் கண்ணாடியில் இருக்காது. பெரும்பாலும் மிரரின் பின்விளிம்பிலோ, மிரருக்கும் கதவுக்கும் நடுவிலுள்ள இடுக்கிலோ இருக்கும். அந்த இடுக்கில் காற்று 10 சதவீதம் வேகமெடுத்தாலே 2.5 டெசிபெல் கூடிவிடும்.