காசு கொடுத்த மின்பாடநூல் காணாமல் போகும் கதை

இந்த வாரமும் எங்கள் நூலகத்துக்கு ஒரு மாணவி வந்தார். மறுதேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தால் மின்பாடநூல் திறக்கவில்லை. ‘உங்கள் சந்தா முடிந்தது’ என்று ஒரே ஒரு வரி. ஓரத்தில் எழுதிய குறிப்பு, மஞ்சளில் கோடிட்ட பத்தி எல்லாம் உள்ளேயே மாட்டிக்கொண்டன. நூலகத்தில் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “காசு கொடுத்து வாங்கினேனே!” இல்லை, நீங்கள் வாங்கவில்லை. 180 நாளோ ஒரு வருடமோ படிக்க அனுமதி எடுத்தீர்கள், அவ்வளவுதான். அச்சுப் புத்தகத்தைத் தம்பிக்குக் கொடுக்கலாம், பாதி விலைக்கு விற்கலாம், பல வருடம் கழித்துப் பரணிலிருந்து எடுத்துப் புரட்டலாம். இங்கே அதெல்லாம் நடக்காது. “டவுன்லோட் செய்து வைத்திருக்கிறேன்” என்பார்கள். செயலிக்குள் இறங்கிய கோப்பு செயலி சொன்னால்தான் திறக்கும். ‘நிரந்தரம்’ என்று நம்பி வாங்கியவர்களுக்கும் இதே கதிதான். 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது, விற்ற புத்தகங்களும் சேர்ந்தே மறைந்தன. பணத்தைத் திருப்பித் தந்தார்கள், சரி. குறிப்பெழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். தேர்வுக்கு முந்தின ராத்திரி அந்த டாலரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பதிப்பகங்களின் கணக்கு எளிது. பழைய புத்தகம் கைமாறினால் அவர்களுக்குக் காலணா வராது. அதே 2019-இல் பியர்சன் என்ற பெரிய பாடநூல் பதிப்பகம், அமெரிக்காவில் தன் 1,500 பாடநூல்களின் புதிய பதிப்புகள் முதலில் மின்வடிவில்தான் வரும் என்று அறிவித்தது. (நூலகங்களின் நிலைமையும் மோசம்தான். பல பாடநூல்களின் மின்வடிவை எங்களுக்கு விற்பதே இல்லை. விற்றாலும், பல சமயம் ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்கலாம் என்பார்கள். கோப்பு என்ன, தேய்ந்தா போகும்?)

மின்நூலே வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்வைக் குறைபாடு உள்ளவருக்கு எழுத்தைப் பெரிதாக்குவதும் உரக்க வாசித்துக் காட்டுவதும் அச்சுப் புத்தகத்தால் ஆகாத காரியம். ஆனால் பணம் கட்டுமுன் முடிவுத் தேதியைப் பாருங்கள். தேர்வு அதற்கு முன்பா, பின்பா? மறுதேர்வு எழுத நேர்ந்தால்? இணையம் இல்லாமல் திறக்குமா, எத்தனை பக்கம் அச்செடுக்கலாம் என்றும் பாருங்கள். குறிப்புகளைத் தயவுசெய்து தனி நோட்டிலும் எழுதி வையுங்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பாடநூல் பட்டியல் போடுமுன் ஓபன்ஸ்டாக்ஸ் என்ற இலவசப் பாடநூல் தளத்தின் பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 2012 முதல் நடத்திவருகிறது. இயற்பியல், உயிரியல், பொருளாதாரம் என்று பல பாடங்களுக்கு நூல் இருக்கிறது. பிடிஎஃப்பாக இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். காலாவதித் தேதி கிடையாது.