கோடை ஆராய்ச்சிக்கு அக்டோபரிலேயே கிளம்புங்கள்

பி.எஸ்சி. வேதியியல் படிக்கும் பிள்ளைகள் சிலர் ஒவ்வொரு ஏப்ரலிலும் வந்து கேட்பார்கள்: “சார், லீவுல எங்கேயாவது லேப்ல சேர முடியுமா?” பெரிய வாய்ப்புகள் அதற்குள் முடிந்துபோயிருக்கும். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் நகரங்களில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து வழங்கும் கோடை ஆராய்ச்சி ஃபெலோஷிப்புக்கு வழக்கமாக நவம்பருக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். ஓர் ஆராய்ச்சியாளரிடம் 2 மாத வேலை. உதவித்தொகையும் ரயில் கட்டணமும் உண்டு. பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையம் முதலாண்டு மாணவர்களுக்கென்றே ஒரு வேதியியல் திட்டம் நடத்தி வந்திருக்கிறது. அடுத்தடுத்த கோடைகளில் அங்கே போய்ப் பழகலாம். இந்த ஆண்டு அறிவிப்பு வந்திருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்தில் பாருங்கள்.

மதிப்பெண் குறைவு என்று பலர் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை, விண்ணப்பத்தோடு கேட்கும் சின்னக் கட்டுரையில்தான் நம் பிள்ளைகள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். ‘சிறுவயது முதலே வேதியியலில் ஆர்வம்’ என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அதைப் படிப்பவருக்கு அதில் ஒன்றுமே கிடைக்காது. மெத்தில் அசிட்டேட் நீரோடு வினைபுரிந்து பிரியும் நீராற்பகுப்பை நீங்கள் பிராக்டிகலில் செய்திருப்பீர்கள். காலை பேட்சுக்கு வந்த வேகமாறிலி (வினையின் வேகத்தைக் காட்டும் எண்) மதிய பேட்சுக்கு ஏன் கூடியது? லேபில் வெப்பநிலையைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் இல்லை, மதியம் அறை சூடாகிவிட்டது. டைட்ரேஷனுக்கு முன் வினைக்கலவையை ஐஸ் தண்ணீரில் ஊற்றியது ஏன்? வினையின் வேகத்தை மட்டுப்படுத்த. இதை உங்கள் சொந்த அளவீடுகளோடு எழுதி, அடுத்து எதை அளக்க ஆசை என்று சொன்னால் போதும், அந்தக் கட்டுரை தனித்துத் தெரியும். வசதி குறைந்த லேப் என்று வெட்கப்பட வேண்டியதில்லை; அந்தக் குறையே சில நேரம் நல்ல கேள்வியைத் தரும்.

பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி நாள் மாலையில் கேட்காதீர்கள். மூன்று வாரம் முன்பே, கட்டுரையையும் மார்க்‌ஷீட்டையும் கையில் கொடுத்துக் கேளுங்கள். சக ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: பெயரை மட்டும் மாற்றி எல்லோருக்கும் ஒரே கடிதம் தருவதை விட்டுவிடலாமே.

தேதி தவறிவிட்டதா? சரி, நேரடியாக மின்னஞ்சல் அனுப்பலாம். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம், சென்னை தோல் ஆராய்ச்சி நிறுவனம், ஐ.ஐ.டி. என்று பக்கத்திலேயே இடங்கள் இருக்கின்றன. ஒரே கடிதத்தை நாற்பது பேருக்குத் தட்டிவிடாமல், ஒருவரின் சமீபத்திய ஆய்வுக் கட்டுரையைப் படித்துவிட்டு அவருக்கென்று எழுதுங்கள். செமஸ்டர் தேர்வு எப்போது முடியும், எந்தத் தேதியிலிருந்து வர முடியும் என்பதையும் சொல்லிவிடுங்கள். நம் பல்கலைக்கழகத் தேர்வுகள் மே வரை இழுக்கும் என்பது வெளிமாநிலப் பேராசிரியர்களுக்குத் தெரியாது.

வாட்ஸ்அப்பில் சுற்றும் அமெரிக்க ஆர்.இ.யு. (இளநிலை மாணவர்களுக்கான ஆராய்ச்சித் திட்டம்) போஸ்டர்களைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்நாட்டு தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதி தரும் அந்த இடங்கள் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான்.

பணம் கட்டினால் சான்றிதழ் என்று வரும் விளம்பரங்களில் கவனம் தேவை. நல்ல ஆய்வகங்களிலும் பயிற்சிக் கட்டணம் இருப்பதுண்டு. அதனால் கட்டணம் கேட்டாலே மோசடி என்று முடிவுகட்ட முடியாது. வழிகாட்டி யார், தினமும் லேபில் என்ன வேலை என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விலகிவிடுங்கள்.

அப்புறம், விடுதி. தங்க இடம் தருவார்களா என்று முதலிலேயே விசாரித்து வீட்டில் பேசிவிடுங்கள். தேர்வான பிறகு அப்பா அனுப்ப மறுத்து, இடத்தை விட்டுக்கொடுத்த மாணவிகளைப் பார்த்திருக்கிறேன். தேவைப்பட்டால் பெற்றோரைத் துறைத்தலைவரிடம் ஒருமுறை அழைத்து வாருங்கள்.